இறங்கும் வழி



மலைப் பயணம் சென்று வந்தோர் பெரும்பாலும் ஏறிய கதையையே சொல்வர். நான் இன்று இறங்கிய கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

என் ஊர் திருவாரூர். கண்ணுக்கெட்டிய தூரம் வயல். மேடு என்று சொல்ல வரப்பைத் தவிர வேறில்லை. அண்ணாந்து பார்க்க எங்களுக்கு வாய்த்தவை கோயிற் கோபுரமும் ஆழித்தேருமே. இத்தகைய சமவெளியில் வளர்ந்த நண்பர்கள் நால்வர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் மோட்டார் காரில் நீலகிரிக்குச் சென்றோம். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் உச்சியில் நின்று உலகையே வென்றவர்போல் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் ஊர் திரும்பப் புறப்பட்டோம்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம்; இடையே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. காரை ஓட்டிய நண்பர் வல்லவர்தாம். ஆனால் அவ்வன்மை சமவெளியிற் பெற்றது. “தானாக ஓடுகிற வண்டிக்கு எண்ணெய்ச் செலவு எதற்கப்பா?” என்று கூறி, கியரை விலக்கி நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி இறக்கினார்.

எனக்கு அச்சமாயிருந்தது. சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை. முன்னர் இருமுறை ‘மெதுவாகப் போகலாமே’ என்றபோது, ‘நமக்கென்று ஒரு முட்டுக்கட்டை வாய்த்ததே!’ என்று நண்பர்கள் நகைத்திருந்தனர். அந்த நகைப்புக்கு அஞ்சியவன், உயிருக்கு அஞ்சாது வாளாவிருந்தேன்.

பர்லியாறு வருமுன் கருகிய நாற்றம் எழுந்தது. ஒரு வளைவில் எதிரே பேருந்து ஏறி வந்தது. நண்பர் பிரேக்கை மிதித்தார், அது பஞ்சுபோல் அமிழ்ந்தது, வேகமோ குறையவில்லை. “கியரைப் போடு!” என்று அருகிலிருந்தவர் கூவினார். இரண்டாம் கியர் விழுந்ததும் எஞ்சின் ஓலமிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டது. பாறையோரமாக உரசி நின்றோம். பேருந்தின் ஓட்டுநர் இறங்கி வந்தார். ஒரு சொல்லும் கடிந்து பேசாமல், பெரிய கல்லொன்றை எடுத்து எங்கள் சக்கரத்தின் கீழ் அண்டக் கொடுத்தார். பின்னர், “ஏறுவதற்கு எந்தக் கியரோ, இறங்குவதற்கும் அதே கியர், தம்பி. பிரேக் ஆறட்டும், அப்புறம் போங்கள்” என்றார்.

அச்சொல்லில் அடங்கிய விஞ்ஞானத்தைப் பாருங்கள். ஒன்றரை டன் எடையுள்ள வண்டி 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 75 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அத்தனையையும் பிரேக்கின் உராய்வே தாங்க நேர்ந்தால், அது கனன்று பிடிப்பை இழக்கும். பிரேக்கிற்குரிய திரவமும் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தலாமேயன்றி, அதைக்கொண்டு சக்கரத்தைப் பிடிக்க முடியாது. தாழ்ந்த கியரிலோ, எஞ்சினே பெரும்பகுதிச் சுமையை ஏற்றுக்கொள்கிறது. 1899-இல் குன்னூரை எட்டிய மலை இரயிலும், கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவேயுள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டே செல்கிறது. ஏறும்போது உந்த உதவும் அதே பற்கள், இறங்கும்போது பிடித்து நிறுத்தவும் உதவுகின்றன.

பிரேக் ஆறும்வரை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எங்கள் ஊர்த் தேர் நினைவுக்கு வந்தது. அலங்கரித்து நிற்கையில் 96 அடி உயரம். எடை ஏறத்தாழ 300 டன். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பர். ஆனால் ஓடும் சக்கரத்தருகே குனிந்து நின்று, உரிய கணத்தில் மரக்கட்டையை இடுபவர் சிலரே. தேரை நிறுத்துவதும், வீதி முனையில் திருப்புவதும் அக்கட்டையே. பிற்காலத்தில் இரும்பு அச்சும் நீரழுத்தத் தடைக்கருவியும் பொருத்தப்பட்டன. எனினும் முட்டுக்கட்டைக்கு இன்னும் ஓய்வில்லை. அத்தகைய ஊரிற் பிறந்த நான், அச்சொல்லை வசையெனக் கொண்டு வாய்மூடி இருந்தேனே என்று நாணினேன்.

அதன்பின் எங்கள் வழியும் நீரின் வழியும் ஒன்றாயின. மேட்டுப்பாளையத்தில் பவானியாற்றைக் கண்டோம். சத்தியமங்கலத்துக்கு முன் பவானிசாகர் அணை அவ்வாற்றைத் தடுத்துத் தேக்குகிறது. கூடுதுறையில் பவானி காவிரியோடு கலக்கிறது. திருச்சிக்குக் கிழக்கே கல்லணையில் சற்று நின்றோம். அவ்வணை இல்லையேல், காவிரியின் நீர் தாழ்ந்த கொள்ளிடத்தில் சரிந்து, வயலைக் காணாமலே கடலை அடைந்துவிடும். மலையிலிருந்து விரைந்திறங்கும் வெள்ளத்தை நாற்றங்காலுக்கு ஏற்ற நீராக்குவதும் ஒரு முட்டுக்கட்டைதான்!

அந்தி வேளையில் ஓடம்போக்கி ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைந்தோம். காரோட்டிய நண்பர் என்னைப் பார்த்து, “நீ ஏன் அப்போது சொல்லவில்லை?” என்று கேட்டார். விடை கூற என்னால் இயலவில்லை.

இளைஞர்களே, நண்பர் குழாத்தில் வடம் பிடிக்க ஆளுக்குக் குறைவில்லை. கட்டையிடத்தான் ஆள் வேண்டும். நகைப்பார்களே என்று தயங்காதீர்கள். நகைத்த நண்பர்களும் நலமாக ஊர் வந்து சேர வேண்டுமன்றோ?