கணினியின் சத்தம் எவ்வளவு இருக்கலாம்?



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, தோட்டத்து வீடுகள் சிலவற்றில் கணினியே வகுப்பறையாயிற்று. அது முதல் பெற்றோர் எங்களிடம் கேட்பவை இரண்டு: "சத்தமே வரவில்லையே?", "சத்தம் காதைப் பிளக்கிறதே?"

கணினியின் ஓசை ஒரே வழியில் அடங்குவதன்று. தொட்டியடியில் ஒரு குழாய், லயத்து முனையில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை மூடினாலும் தண்ணீர் வராது அல்லவா? அதுபோலவே, படம் ஓடும் சட்டத்தில் ஓர் ஒலியளவு, கணினி முழுமைக்கும் ஒன்று, ஒலிபெருக்கியின் திருகில் ஒன்று. விண்டோஸ் கணினியாயின், திரையின் வலப்புறக் கீழ்மூலையில், கடிகாரத்துக்கு அருகே, சிறிய ஒலிபெருக்கிப் படம் தெரியும். அதை அழுத்தினால் ஒரு கோடும் அதன்மேல் ஒரு குமிழும் தோன்றும். குமிழை இடப்புறம் தள்ளினால் ஓசை குறையும். அந்தப் படத்தருகே பெருக்கல் குறி இருந்தால் ஓசை அடைக்கப்பட்டுள்ளது என்று பொருள்.

எல்லாம் திறந்தும் ஓசை இல்லையா? கம்பியைப் பாருங்கள். மேசைக் கணினிகள் பலவற்றில் ஒலிபெருக்கிக்குரியது பச்சைத் துளை, இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்குரியது.

எங்களுக்குக் கவலை தருவது காதில் மாட்டும் கருவிதான். வீட்டில் ஒருவர் உறங்க, பிள்ளை அதை மாட்டிக்கொள்வது நல்ல பழக்கமே. ஆனால் அளவு வேண்டும். சிறுவருக்கு 75 டெசிபல் ஓசை, வாரத்துக்கு 40 மணி நேரம். அதுவே எல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும்: 78 என்றால் 20 மணி நேரமே. திரையில் தெரியும் 75 என்ற எண் டெசிபல் அன்று. அதை நம்பிவிட வேண்டாம்.

உட்செவியில் நுண்ணிய மயிர் அணுக்கள் உள்ளன. பேரோசையால் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. சீவிய பால்மரத்துக்குக்கூடப் பட்டை திரும்ப வளர்கிறது!

ஆகவே, குமிழை அடியில் இறக்கிவிட்டுக் கருவியை மாட்டச் சொல்லுங்கள். பிறகு சிறிது சிறிதாக ஏற்றட்டும். கைநீளத் தொலைவில் நின்று இயல்பான குரலில் பிள்ளையைக் கூப்பிடுங்கள். திரும்பாவிட்டால் ஏச வேண்டாம், ஓசையைக் குறையுங்கள். கருவியைக் கழற்றிய பின்னும் காதில் இரைச்சல் கேட்பதாகப் பிள்ளை அடிக்கடி சொன்னால், கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.