கூட்டுப் பறவையின் விளையாட்டு



வீட்டிலே பறவை வளர்ப்போர் அதற்குத் தினையும் நீரும் தவறாது வைப்பர். கூட்டையும் துப்புரவு செய்வர். ஆயின், அப்பறவை பகற்பொழுதை எவ்வாறு கழிக்கின்றது என்று சிந்திப்போர் மிகச் சிலரே.

நம்மவர் ‘லவ் பேட்ஸ்’ என வழங்கும் சிறு கிளி உண்மையிற் பஜரிகர் என்னும் இனமாகும். லவ் பேட்ஸ் என்பது ஆபிரிக்கக் கிளியொன்றின் பெயர்; கடைக்காரரும் மாணவரும் ஒருசேரச் செய்யும் பிழை இது. பஜரிகர் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலே, நீரையும் புல்விதையையும் தேடிப் பெருங்கூட்டமாய்ப் பறந்து திரிவது. 1840ஆம் ஆண்டில் ஜோன் கூல்ட் என்னும் பறவையியலறிஞர் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். மரப்பொந்தை அலகினாற் கொறித்துச் செப்பஞ் செய்து முட்டையிடுவது பெட்டையின் இயல்பு. அந்த அலகுக்குக் கூட்டினுள்ளே வேலையில்லையெனில் அது கம்பியைக் கடிக்கும். சிலவேளை தன் இறகையே பிடுங்கும். இறகு பிடுங்குதல் நோயினாலும் நேருமாதலின், முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுதல் நன்று.

ஆகவே, பறவைக்கு விளையாட்டுப் பொருள் என்பது அலகுக்கு நாம் கொடுக்கும் வேலையே. அது அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தாற் பயனில்லை, கிழிபடவேண்டும். கிழிபடுவதற்கென்றே செய்யும் பொருளுக்குக் காசு செலவிடுவானேன்?

யாழ்ப்பாணத்திலே குழந்தைகளுக்குப் பனங்குருத்தோலையிற் கிலுகிலுப்பை பின்னும் வழக்கமுண்டு. அதையே சிறிதாகப் பின்னி, உள்ளே கல்லுக்குப் பதிலாகச் சிறிது தினையை வைத்துவிடுக. பறவை மணியைத் தேடி ஓலையைப் பிரிக்கும். ஓலைக்குச் சாயமிடலாகாது. சிரட்டையில் ஊஞ்சல் செய்வோர் அதன் தும்பை முற்றாகச் சுரண்டி, கொதிநீரிற் கழுவி வெயிலில் உலர்த்துக. அதில் இடும் துளை ஒன்றில் தலை நுழையாத அளவாதல், அன்றேல் முழு உடலும் தாராளமாய்ப் புகுந்து மீளும் அளவாதல் வேண்டும். இடைப்பட்ட துளையே கழுத்தைப் பிடிக்கும். கொய்யாக் கிளை கொறிப்பதற்கு ஏற்றது. பூச்சிநாசினி தெளித்த மரத்தினின்றும் கிளை ஒடித்தலாகாது. அலரி நஞ்சு, அதன் சுள்ளியும் ஆகாது.

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் பெட்டைக்கு நான் முதன்முதற் செய்துகொடுத்த ஊஞ்சலின் நுனியிலே, அழகுக்காகப் பருத்தி நூற் குஞ்சமொன்று கட்டினேன். ஒரு வாரத்தில் நூல் பிரிந்தது. பிரிந்த இழையொன்று இரவிலே பறவையின் விரலைச் சுற்றி இறுகிவிட்டது. காலையில் நான் கண்டபோது விரல் கறுத்து வீங்கியிருந்தது. இழையை வெட்டி நீக்கினோம். ஆயினும் சில நாளில் அவ்விரல் உதிர்ந்தது. அன்று தொட்டு நூலையும் தும்புக் கயிற்றையும் கூட்டினுள் விடுவதில்லை. அகலமாக வார்ந்த ஓலையினாலேயே கட்டுகின்றேன். மாலைதோறும் முடிச்சுகளைப் பார்க்கின்றேன்.

உலோகத்திலும் அவதானம் வேண்டும். நாகம் பூசிய கம்பியைக் கொறிக்கும் பறவைக்கு அப்பூச்சு நஞ்சாகும். ஈயப்பற்று வைத்த பொருளும் அத்தகையதே. கம்பி இன்றியமையாதாயின் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி கொள்க. வாய் பிளந்த சிறு சதங்கையின் பிளவிலே விரல் அகப்படும். கண்ணாடி வைப்பாரும் உளர். தனித்த பறவையொன்று தன் நிழலைத் துணையென எண்ணி, இரையைக் கக்கி அதற்கு ஊட்ட முயல்வதைப் பார்த்தபின் எனக்கு அதில் விருப்பமில்லை.

புதிய பொருளைக் கண்டு அஞ்சும் பறவைக்கு, அதனை இரண்டொரு நாள் கூட்டின் வெளியே, கண்ணிற்படும் தூரத்தில் தொங்கவிட்டுப் பின்னர் உள்ளே வைக்கலாம். ஒரேவேளையில் இரண்டு பொருள்கள் போதும். மிகுந்தாற் சிறகு விரிக்க இடமிராது. மாரிகாலத்தில் ஓலையிற் கரும்பூஞ்சணம் படருமாயின் அதை அன்றே எறிந்துவிடுக.

எங்கள் பெட்டை இப்பொழுது அக்காலின் மூன்று விரல்களாற் பற்றிக்கொண்டே, ஓலைப் பந்தொன்றை இரண்டு நாளிற் சருகாக்கிவிடுகின்றது. இன்று மாலையும் ஒன்று பின்னவேண்டும்.