தேநீர் போட்டாரா அம்மா?



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'ஜப்பானின் வினோதக் கருவிகள்'. தலைப்பைக் கேட்டதுமே முன்வரிசையில் சிலர் சிரித்துவிட்டீர்கள். தாராளமாகச் சிரிக்கலாம். தொலைக்காட்சியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நிகழ்ச்சியில் அரை நிமிடம் மிஞ்சினால் அதை நிரப்ப ஜப்பானில் இருந்து ஒரு படம் எப்போதும் கிடைக்கும். பூனையின் நான்கு கால்களிலும் துடைப்பக் காலணி மாட்டியிருக்கும். அது நடக்க நடக்கத் தரை சுத்தமாகும். இன்னொரு படத்தில், கழிவறைக் காகிதச் சுருளைக் கிரீடம்போல் தலையில் கட்டிக்கொண்டு ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார். "இந்த ஜப்பான்காரர்கள் எதைத்தான் விட்டுவைப்பார்கள்!" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அறிவிப்பாளர் அடுத்த அங்கத்திற்குப் போய்விடுவார்.

ஆனால் அந்தக் காகிதக் கிரீடமும், முதலில் வந்த அந்தப் பூனைக் காலணியும் எந்தக் கடையிலும் விற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கென்ஜி கவாகாமி என்பவர் 1980களில் அஞ்சல்வழிப் பொருள் விற்பனை இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்தார். இதழின் கடைசியில் மிஞ்சிய பக்கங்களை நிரப்புவதற்காக, யாரும் வாங்க முடியாத கருவிகளைத் தாமே உருவாக்கிப் படம்பிடித்து வெளியிட்டார். அவற்றிற்கு அவர் வைத்த பெயர் 'சின்தோகு'. 'சின்' என்றால் விசித்திரம், 'தோகு' என்றால் கருவி. விளையாட்டாகத் தொடங்கிய இதற்குப் பத்து விதிகளும் வந்துவிட்டன. கருவியை உண்மையிலேயே செய்து காட்ட வேண்டும், வெறும் வரைபடம் போதாது. அதை விற்கக் கூடாது. காப்புரிமை வாங்கக் கூடாது. தேவையோ இல்லையோ, கண்டதையும் வாங்கிக் குவிக்கும் வாழ்க்கையைக் கேலி செய்தவர் அவர். அந்தக் கேலியைத்தான் நாம் "ஜப்பானியர்கள் இப்படித்தான்" என்று எடுத்துக்கொண்டோம்.

அந்தக் காகிதக் கிரீடத்தையே பாருங்கள். போருக்குப் பிறகு வீடு கட்ட மரம் வேண்டுமென்று ஜப்பானியர்கள் மலை மலையாக 'சுகி' என்னும் தேவதாரு வகை மரத்தை நட்டார்கள். அவை வளர்ந்து, ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் மகரந்தத்தைக் காற்றில் கொட்டுகின்றன. கோடிக்கணக்கானவர்களுக்குக் கண் எரிச்சல், தும்மல், ஓயாத மூக்கு ஒழுகல். ஒரு நாட்டின் காட்டுக் கொள்கையே அந்தக் கிரீடத்திற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது!

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1995இல் ஆங்கிலத்தில் வந்த சின்தோகு தொகுப்பு நூலில், ஒரு கோலின் நுனியில் புகைப்படக் கருவியைப் பொருத்தித் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்ளும் காட்சி இருக்கிறது. அந்தக் கோலுக்கு, மினோல்டா நிறுவனப் பொறியாளர் ஹிரோஷி உவேதா 1980களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். விற்பனை சூடு பிடிக்கவில்லை. 2003இல் காப்புரிமையும் காலாவதியாகிவிட்டது. 2014இல் டைம் இதழ் அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகள் வரிசையில் செல்ஃபி கோலைச் சேர்த்தது. நேற்று சிரித்தவர்கள் இன்று பத்துமலைப் படிக்கட்டில் அதையே நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கேலிக்காகச் செய்தவை இவை. கேலியாகத் தோன்றினாலும் அக்கறையோடு செய்தவை வேறு. பெண்கள் கழிவறையில் ஓசை வெளியே கேட்குமே என்ற கூச்சத்தால் திரும்பத் திரும்பத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள், தண்ணீர் வீணாகிறது என்பது அங்கே ஒரு பெரிய பிரச்சினை. 'ஏன் கூச்சப்படுகிறீர்கள்' என்று யாரும் பெண்களுக்குப் பாடம் நடத்தவில்லை. தோதோ நிறுவனம் 1988இல் தண்ணீர் பாயும் ஓசையை மட்டும் எழுப்பும் ஒரு சிறு பெட்டியைச் சுவரில் மாட்டியது. பெயர் 'ஒதோஹிமே', ஓசை இளவரசி என்று பொருள். கூச்சமும் காப்பாற்றப்பட்டது, தண்ணீரும் மிஞ்சியது.

என் வயதுக்காரர்களுக்குத் தமகோச்சி நினைவிருக்கும். 1996இல் பண்டாய் நிறுவனம் கொண்டுவந்த முட்டை வடிவ விளையாட்டுப் பொருள். சாப்பாடு கொடுக்காவிட்டால் செத்துப் போகும். பள்ளிக்கூடங்களில் அதைத் தடை செய்யும் நிலை வந்தது. சின்னஞ்சிறு திரையில் சில புள்ளிகள், அவ்வளவுதான். அதற்காகப் பிள்ளைகள் அழுதார்கள். 'நான் இல்லாவிட்டால் இது பிழைக்காது' என்ற நினைப்பு மனிதனை எவ்வளவு கட்டிப்போடும் என்பதை அந்தப் பொம்மை காட்டிவிட்டது.

பிள்ளைகளோடு நிற்கவில்லை. 1999இல் சோனி நிறுவனம் 'ஐபோ' என்ற இயந்திர நாயை விற்பனைக்கு விட்டது. விலை 250,000 யென். ஜப்பானுக்கென ஒதுக்கிய 3,000 நாய்களும் இருபது நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. பிறகு 2006இல் சோனி தயாரிப்பை நிறுத்தியது. 2014இல் பழுதுபார்க்கும் சேவையையும் நிறுத்தியது. பழைய சோனி தொழில்நுட்பர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, இயங்காத நாய்களின் உறுப்புகளைக் கழற்றி மற்ற நாய்களுக்குப் பொருத்தினார்கள். கழற்றுவதற்கு முன் என்ன செய்தார்கள் தெரியுமா? சிபா மாநிலத்தில் உள்ள கோஃபுகுஜி என்னும் பழைய புத்தர் கோயிலில் 2015 தொடங்கி அந்த நாய்களுக்கு ஈமச்சடங்கு நடந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று எழுதிய அட்டை. குருக்கள் மந்திரம் ஓதினார். ஆயுத பூசையன்று லோரிக்குச் சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் நமக்கு இது புரியாத சங்கதி அல்ல.

'பாரோ' என்ற பஞ்சுபோன்ற கடல்நாய்க் குட்டியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தக்கானோரி ஷிபாதா என்ற ஆய்வாளர் உருவாக்கியது. மறதி நோய் கண்ட முதியோர் மடியில் வைத்துத் தடவிக்கொடுக்க. நாயோ பூனையோ செய்யாமல் ஏன் கடல்நாய்? நாயும் பூனையும் எப்படி நடந்துகொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும். பொம்மை அப்படிச் செய்யாவிட்டால் ஏமாற்றமாகிவிடும். கடல்நாய்க் குட்டியை யார் வளர்த்திருக்கிறார்கள்? அமெரிக்காவில் 2009இல் அதை மருத்துவக் கருவியாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனாலும், நேயர்களே, இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேறொன்று. அதற்குக் கண் இல்லை, வால் இல்லை. அது ஒரு சுடுநீர்க் குடுவை.

நம் வீட்டு அடுப்படிகளில் யானைப் படம் போட்ட வெந்நீர்க் குடுவையைப் பலர் பார்த்திருப்பீர்கள். சோஜிருஷி, ஒசாகா நிறுவனம். பெயருக்கே யானைச் சின்னம் என்றுதான் பொருள். 1996இல் தோக்கியோவின் இக்கெபுக்குரோ வட்டாரத்தில், நோயாளி மகனும் அவரைப் பராமரித்து வந்த வயதான தாயும் வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். பல நாள் கழித்துத்தான் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவந்தது. இப்படி யாருக்கும் தெரியாமல் நேரும் மரணத்திற்கு ஜப்பானிய மொழியில் 'கொதோகுஷி' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பத்தில் ஏறத்தாழ மூவர் 65 வயதைத் தாண்டிவிட்ட நாடு அது. இந்தச் செய்தி ஒரு மருத்துவரின் மனத்தை உறுத்தியது. முதியோர் தினமும் தொட்டுப் புழங்கும் ஒரு பொருளே அவர்கள் நலமாக இருப்பதைச் சொல்லிவிடாதா என்று அவர் கேட்டார்.

2001இல் அந்தக் குடுவை வந்தது. பெயர் 'ஐ-பாட்'. பாட்டுக் கேட்கும் ஐபாட் அல்ல. அது அதே ஆண்டு இறுதியில்தான் வந்தது. ஜப்பானிய முதியவர்கள் காலையில் எழுந்ததும் தேநீர் போடுவார்கள், பிறகு நாள் முழுவதும் அவ்வப்போது ஒரு கோப்பை. குடுவையை அழுத்தித் தண்ணீர் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் கம்பியில்லாத் தொடர்பு வழியே பதிவாகும். எங்கோ வேலை பார்க்கும் மகளுக்கோ மகனுக்கோ நாளுக்கு இருமுறை மின்னஞ்சல் போகும். காலை ஆறரைக்கு ஒரு கோப்பை, பத்து மணிக்கு ஒரு கோப்பை. அவ்வளவுதான் செய்தி. தாய் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எந்தப் பொத்தானையும் நினைவு வைக்க வேண்டியதில்லை. தாகம் எடுத்தால் போதும்.

இதை நான் ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறேன்? நம் ஊரிலும் பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டில் கேமரா பொருத்திவிட்டு, கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா ஈப்போவில் இருக்கிறார். மகன் கோலாலம்பூரில். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என இரண்டு கேமரா மாட்டிக் கொடுத்தார். அந்த அம்மா குளித்துவிட்டு வரும்போதெல்லாம் கூடத்துக் கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். பிறகு எடுக்க மறந்துவிடுவார். மகன் பதறிப்போய் அழைப்பார். "அம்மா, துண்டை எடுங்கம்மா, ஒண்ணும் தெரியலை." இவர் சொல்வாராம்: "என்னைப் பார்க்கணும்னா வந்து பாருய்யா. அதுக்குள்ள எதுக்கு என்னை அடைச்சு வச்சிருக்கே?"

திடீரென விழுந்துவிட்டால் உடனே தெரிய வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குடுவை அந்த நொடியே ஓடிவந்து சொல்லாது. மின்னஞ்சல் வரும் நேரம்வரை காத்திருக்கத்தான் வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு அது போதாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடமாடிக்கொண்டிருக்கும், தன் சமையலைத் தானே செய்துகொள்ளும் ஒரு பெண்ணை நாள் முழுக்கத் திரையில் வைத்துப் பார்ப்பதற்கும், அவர் தேநீர் போட்டுவிட்டார் என்று தெரிந்துகொள்வதற்கும் இடையில் எவ்வளவோ தூரம் இருக்கிறது. கேமரா வைத்தவர், 'பார்த்துவிட்டேன்' என்று கைப்பேசியை மூடிவிடலாம். குடுவை வைத்தவருக்கு அந்த வசதி கிடையாது. காலை ஆறரைக் கோப்பை இல்லையென்றால், ஏன் இல்லை என்பதை அது சொல்லாது. எடுத்து அழைத்துத்தான் ஆக வேண்டும், "என்னம்மா, இன்னும் டீ போடலையா?" என்று.

அந்தக் குடுவையில் இன்னொரு சிறு ஏற்பாடும் இருந்தது. வெளியே கிளம்பும்போது அழுத்துவதற்கென்று ஒரு தனிப் பொத்தான். கடைத்தெருவுக்கோ தோழி வீட்டுக்கோ அவர் புறப்பட்டுவிட்டார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். எங்கே போகிறார் என்று அது கேட்பதில்லை.