தட்டில் எஞ்சிய மேடை



நாடகம், நிகழ்ந்த அன்றே முடிந்துபோகும் கலை. திரை இறங்கிய பின் எஞ்சுவது என்ன என்னும் வினா இசை நாடகத்தில் இன்னும் கூர்மை பெறுகிறது. நியூயார்க்கின் பிராட்வே மேடை இதற்கு ஒரு விடை கண்டது. மேடையில் பாடியவர்களையே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து, பாடல்களை வரிசையாகப் பாடவைத்துத் தட்டாக வெளியிடுவது என்பதே அது. 1943இல் டெக்கா நிறுவனம் 'ஓக்லஹோமா!' நாடகத்தை அவ்வாறு பதிப்பித்தது. அதன் பெருவிற்பனைக்குப் பின் இது நிலைத்த வழக்கமாயிற்று. 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரத் தட்டைக் கொணர்ந்த பிறகு, ஒரு நாடகத்தின் பாடல்களை ஏறத்தாழ ஐம்பது நிமிடத்தில், ஒரே தட்டில் கேட்க முடிந்தது.

வெற்றிபெற்ற நாடகங்களுக்கு இத்தட்டு ஒரு நினைவுப் பொருள். தோற்ற நாடகங்களுக்கோ அதுவே உயிர். கிட்டப்பா 1933இல் மறைந்தபின் பிறந்தவர்கள் அவரைத் தட்டின் வழியாக மட்டுமே அறிந்தார்கள் அல்லவா? ஏறத்தாழ அதே நிலைதான்.

ஸ்டீபன் சோந்தைமின் 'எனிஒன் கேன் விசில்' 1964 ஏப்ரல் 4 அன்று அரங்கேறி, ஒன்பதே காட்சிகளோடு ஏப்ரல் 11 அன்று மூடப்பட்டது. மறுநாள், வேலையிழந்த நடிகர்கள் கூடி அதைப் பாடிப் பதிவு செய்தார்கள். வணிகக் கணக்கில் இதற்கு நியாயமே கிடையாது. கொலம்பியாவின் கோடார்டு லீபர்சன் அதைச் செய்தார். அரிய செயல்களெல்லாம் கைவர, எளிய செயல் ஒன்று கைவராத பெண்ணின் ஏக்கமே அதன் தலைப்புப் பாடல். லீ ரெமிக்கின் குரல் பயிற்சி மிக்கதன்று. அந்தப் பாடலுக்கு அதுவே பொருத்தம். மூடிய நாடகத்தைப் பாடுகிறோம் என்னும் உணர்வு அக்குரல்களில் ஒலிக்கிறதா, கேட்பவர் மனம் ஏற்றிச் சொல்வதா என்பதை அவரவர் செவி முடிவு செய்யட்டும்.

ஆயினும் தட்டு முற்றிலும் நேர்மையான சாட்சி அன்று. லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த 'கேண்டிட்' 1956 டிசம்பரில் தொடங்கி, 73 காட்சிகளில் நின்றது. உரையாடல் பகுதி கனமாக இருந்தது என்பது அன்றைய குறை. தட்டிலோ உரையாடலே இல்லை! குறை நீங்கி நிறை மட்டும் நிற்க, கேட்டவர்கள் நாடகம் முழுவதும் அவ்வாறே இருந்திருக்கும் என்று மயங்கினார்கள். நல்ல மயக்கம்தான். 1974இல் ஹெரால்ட் பிரின்ஸ் புதிய உரையாடலோடு அதை மீண்டும் பிராட்வேக்குக் கொணர்ந்ததற்கு, இசையை மறக்கவிடாத அத்தட்டும் ஒரு காரணம் எனலாம்.

அதன் பாடல்களில் பெரும்பகுதியை எழுதியவர் கவிஞர் ரிச்சர்ட் வில்பர் என்பது இவ்வவைக்கு உவப்பான செய்தி. ஏட்டுக்கு எழுதிப் பழகியவர், திரும்பிப் பார்க்க வாய்ப்பில்லாத செவிக்கு எழுதினார். அரங்கில் இருந்தவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் தவறியதுதான். தட்டின் முன் அமர்ந்தவரோ முள்ளை எடுத்து மீண்டும் வைக்கலாம். பாட்டுக்கு வாசகன் கிடைத்தது அப்போதுதான்.

இவை யாவற்றினும் நீண்டு கருதத்தக்கது 'தி கோல்டன் ஆப்பிள்'. ஜெரோம் மோராஸ் இசை. ஜான் லாடூஷ் சொல். 1954 மார்ச்சில் பீனிக்ஸ் அரங்கில் தொடங்கியது. ஹோமரின் இரு காப்பியங்களையும் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பஸ் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் நிறுத்திய படைப்பு அது. ஸ்பானிஷ் போரிலிருந்து ஊர் திரும்பும் படைவீரன் யுலிசீஸ். ஷெரீப்பின் மனைவி ஹெலன். பலூனில் வந்திறங்கும் வியாபாரப் பயணி பாரிஸ். பழங்கதையை வேற்று மண்ணில் பெயர்த்து நடுவது கவிஞர் அறிந்த வித்தைதான். ஆனால் ஏறத்தாழ ஒரு சொல்லும் பேசப்படாமல் அனைத்தும் பாடப்பட்டது என்பது துணிவு. விமரிசகர் வட்டத்தின் பரிசு கிடைத்தது. பிராட்வேக்கு மாறியபின் 125 காட்சிகளே நடந்தது.

ஆர்.சி.ஏ. விக்டர் வெளியிட்டது ஒரே தட்டு. இரண்டு மணி நேரத்துக்கும் மேலான இசையில் பாதிக்கும் குறைவே அதில் அடங்கிற்று. விடுபட்ட இடங்களை எதுகையோடு கூடிய ஒரு கதையுரை நிரப்பியது. லாடூஷ் 1956இல், 41 வயதில் இறந்தார். பாடலை வெட்டினால் பேச்சு எஞ்சும் நாடகம் அன்று இது. வெட்டிய இடத்தில் நாடகமே இல்லாது போயிற்று. கே பாலர்டு பாடிய 'லேஸி ஆஃப்டர்நூன்' மட்டும் தனித்துப் பிழைத்து, பலர் வாயில் காதற்பாட்டாக உலவியது. அது மணமான ஹெலன் பாரிஸை மெல்ல இழுக்கும் பாட்டு என்பதைப் பலர் அறியார்.

முழு இசையும் டெக்சாஸ் மாநிலத்தில் மேடையேறிய ஒரு நிகழ்விலிருந்து பதிவாகி, 2015இல் வெளிவந்தது. கேட்பவர் ஒன்றை மனத்தில் கொள்ளல் வேண்டும். அந்தப் பாரிஸ் பாடுவதில்லை, பேசுவதும் இல்லை. அவன் ஆடுபவன். ஹெலன் பாடி நிறுத்தும் இடங்களில் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கின்றனவே, அங்கே அவன் இருக்கிறான்.