ஆயுள் லைசென்ஸ்



அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒரு வழக்கம். உள்ளூர்க்காரர் ஒரு தடவை பணம் கட்டினால் போதும். ஆயுசுக்கும் வேட்டையாட, மீன்பிடிக்க லைசென்ஸ். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த வேட்டை லைசென்ஸை 1991 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

மீனுக்கு மட்டும் நம் சீமையில் காகிதம் இல்லாத லைசென்ஸ் ஒன்று உண்டு. கோடையில் கண்மாய் வற்றியதும் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, வலையோடு சுற்றுவட்டார ஜனமெல்லாம் இறங்கும். கெண்டையோ விராலோ, அகப்பட்டது அவரவர் வீட்டுக் குழம்புக்கு.

ஆனால் துண்டு வீசும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடுதான் இதற்குக் கட்டணம். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியிலும் இதே கதைதான். வேட்டங்குடிக் கண்மாய்களை 1977-இல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பது ஊர்க்காரர்கள்.

இன்ஜினியர் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். வரத்துக்காலை மறித்து பிளாட் போட்டால் கண்மாய் நிறையாது; நிறையாத கண்மாயில் துண்டு வீசி என்ன பிரயோஜனம்? மனை வாங்குமுன், பிளான் போடுமுன், தண்ணீர் வரும் வழி எது என்று ஊரில் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் கட்டுகிற ஆயுள் சந்தா அதுதான்.