கிரீன்ஸ்டெட் மரக்கோயில்



லண்டனுக்கு வடகிழக்கே, எசெக்ஸ் மாவட்டத்து வயல்களுக்கு நடுவே கிரீன்ஸ்டெட் என்றொரு சின்னஞ்சிறு கிராமம். அங்குள்ள புனித அந்திரேயா ஆலயத்தின் சுவர்கள் மரத்தால் ஆனவை. முற்றிய ஓக் மரங்களை நெடுக்காகப் பிளந்து, பாதிப் பாதியாக நட்டு நிறுத்தியிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் மரத்தின் உருண்ட முதுகு. உள்ளே வாய்ச்சியால் செதுக்கிய தட்டையான முகம். கட்டைக்குக் கட்டை காடி வெட்டி, இடையில் மெல்லிய ஓக் பட்டிகளைச் செருகியிருப்பதால் காற்று நுழையாது.

உலகில் இன்றும் நிற்கும் மரத் தேவாலயங்களில் இதுவே மிகப் பழையது என்று பலர் கருதுகிறார்கள். 845-ஆம் ஆண்டு வாக்கில் கட்டியது என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 1990-களில் மரத்தின் ஆண்டு வளையங்களை மறுபடி ஆராய்ந்தபோது, 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று தெரிந்தது. வயது இரண்டு நூற்றாண்டு குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மழையிலும் பனியிலும் மரம் நிற்கிறதே, அது போதாதா? இந்த இடத்தின் வழிபாடு இன்னும் பழையது. 1960-இல் தரையைத் தோண்டியபோது, முன்பிருந்த மரக் கட்டடங்களின் தடயங்களும் கிடைத்தன.

மரம் தானாக நிற்கவில்லை, பார்த்துக்கொண்ட கைகள் உண்டு. 1500 வாக்கில் பீடப் பகுதியைச் செங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள். பின்னர் இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்தது. ஊர் ஆலயமும் ஆங்கிலிக்கன் ஆலயமாயிற்று. 1848-இல் பழுது பார்த்தபோது, அடியில் உளுத்துப்போன பகுதியை அறுத்துவிட்டு, கட்டைகளைச் செங்கல் மேடையில் ஏற்றி நிறுத்தினார்கள். அன்று அதைச் செய்யாமல் விட்டிருந்தால், இன்று நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

எனக்கு இந்த ஆலயம் நெருக்கமானதற்குக் காரணம் வேறு. 1833-இல், டார்செட் மாவட்டத்து டால்பட்டில் கிராமத்தில், கூலி மேலும் மேலும் குறைவதைத் தாங்காமல் விவசாயக் கூலிகள் ஒரு சங்கம் சேர்ந்தார்கள். சங்கத்தில் ரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்று குற்றஞ்சாட்டி, ஆறு பேரை ஏழாண்டுத் தண்டனையில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது அரசு. நாடே கொதித்தது, 1836-இல் மன்னிப்பு கிடைத்தது. திரும்பி வந்தவர்களுக்கு, மக்கள் திரட்டிய நிதியில் எசெக்ஸில் குத்தகை நிலம் ஏற்பாடாயிற்று. அறுவரில் ஐவர் இங்கே வந்து உழுதார்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரைன். உடன் தண்டனை பெற்ற தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839-இல் அவர் மணந்துகொண்டது இந்த மரச் சுவர்களுக்குள்தான். சில ஆண்டுகளில் ஐவரும் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்க் குடியேறினார்கள்.

தொழிற்சங்க வரலாற்றில் டால்பட்டில் பெயரைப் படித்த நேயர்கள் பலர் இருப்பீர்கள். இங்கிலாந்து போகும் வாய்ப்பு அமைந்தால், டார்செட்டோடு நின்றுவிடாமல் கிரீன்ஸ்டெட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.