56 ஏ.பி.ஓ. எந்த ஊரு?

(‘பெரிய காவல் எல்லையிலா, இல்லத்திலா?’ என்ற தலைப்பில் ‘இல்லத்திலே’ என்ற அணியில் பேசியது)

எங்களை எங்கே மடக்கலாம்னு குறிப்பு எழுதிக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே!

நான் திருவொற்றியூர்க்காரி. வடிவுடையம்மன் கோயிலுக்கு நடந்து போற தூரத்தில் வீடு. மேடையில் பேசிப் பழக்கமில்லை. ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தருக்கு மனைவி, அவ்வளவுதான் என் தகுதி. (கைதட்டல்) கைதட்டாதீங்க. அவரும் மூணாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்காரு. தட்டினது எனக்கா அவருக்கான்னு வீட்டுக்குப் போனதும் சண்டை வரும். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய சகோதரர் சியாச்சின் பனியைப் பற்றிப் பேசினார். மைனஸ் 40 டிகிரி, மூச்சு விட முடியாத உயரம், எல்லாம் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கப் போறதில்லை. மறுத்தா ராத்திரி வீட்டுக்குள்ள விட மாட்டாரு. ஆனால் நடுவர் அவர்களே, எல்லையில் காவல் நிற்கிறவருக்கு நேரம் முடிஞ்சா ட்யூட்டி மாத்த இன்னொருத்தர் வருவார். கையில் பால் பாட்டிலோடு ராத்திரி ரெண்டு மணிக்குக் காவல் நிற்கிறவளுக்கு ட்யூட்டி மாத்த யாருங்க வருவாங்க? (கைதட்டல்)

இந்த ராணுவக் குடித்தனம் எப்படின்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ‘பீஸ் ஸ்டேஷன்’னா குவார்ட்டர்ஸ் கிடைச்சால் குடும்பத்தோட இருக்கலாம். ‘ஃபீல்டு’ன்னு போட்டுட்டா குடும்பம் கூடாது. நீ ஊருக்குப் போ, நான் அந்தப் பக்கம் போறேன்னு ரெண்டு ரயில். ஜவான்களுக்கு வருஷத்துக்கு 60 நாள் வருட லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. முழுசாக் கிடைச்சா 90 நாள். மிச்சம் 275 நாளைக்குப் பிள்ளைங்களுக்கு அம்மாவும் நான்தான், அப்பாவும் நான்தான்.

என்னைப் பெண் பார்க்க வந்தப்போ மாப்பிள்ளை மிலிட்டரின்னு சொன்னாங்க. துப்பாக்கியோட நிற்பார்னு நினைச்சேன். போய்ப் பார்த்தா ஸ்டியரிங்கோட நிற்கிறார். (சிரிப்பு) சப்ளை லாரி டிரைவர். ஆனா அந்த லாரி போகலைன்னா மலை மேல இருக்கிறவனுக்கு மாவும் கிடையாது, மண்ணெண்ணெயும் கிடையாது. இது அவருக்காகச் சொல்றேன், குறிச்சுக்குங்க.

பெரியவள் 1993-ல் பிறந்தாள். சின்னவன் 1997 மார்ச்சில். அவன் பிறந்த நாலாவது மாசம் இவருக்கு ஃபீல்டு போட்டாச்சு. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போறோம். வண்டிக்குப் பேரு அந்தமான் எக்ஸ்பிரஸ், போறது ஜம்முவுக்கு! பெரியவள் கேட்கிறாள், “அப்பா, கப்பல் எங்க வரும்?” துறைமுகத்துப் பக்கம் வளர்ற பிள்ளை, வேற எப்படிக் கேட்கும்?

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு. வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தா பேச்சுத் துணைக்கு ஊரே இருந்திருக்கும். எங்க தெருவில் மிலிட்டரிக்காரர் பெண்டாட்டின்னா நான் ஒருத்திதான். ஆனா பக்கத்து வீட்டு அக்காவோட வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போறவர். போனா நாலு நாளோ பத்து நாளோ, கடல் சொல்றதுதான் கணக்கு. அந்த அக்காதான் எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தாங்க. “இதோ பாரு கண்ணு, ஆம்பள கடலுக்குப் போயிட்டா, வூட்டுல அவன் பேரு அடிபட்டுக்கினே இருக்கணும். இல்லாங்காட்டி புள்ளைங்க மறந்துடும்” அப்படின்னாங்க.

அன்றிலிருந்து அவர் பேரு எங்க வீட்டில் அடிபட்டுக்கிட்டே இருந்தது. சாப்பிடும்போது அப்பாவுக்கு ஒரு வாய். கதவில் அப்பா சட்டை. எங்க ஊரில் லேலண்ட் சேசிஸ் ஓட்டிக்கிட்டுப் போவாங்க, பார்த்திருப்பீங்க. எண்ணூர் ஃபேக்டரியில் இருந்து வரும், கேபின் இருக்காது, டிரைவர் தலையில் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி. அதைப் பார்த்தாலே சின்னவன் ‘அப்பா வண்டி’ன்னு குதிப்பான். பிற்காலத்தில் அமெரிக்காவில் என்ன செஞ்சாங்க தெரியுமா? 2006 வாக்கில் மெய்ன் மாநிலத்துத் தேசியக் காவல்படையில், போர்முனைக்குப் போன அப்பாவோட போட்டோவை ஆள் அளவுக்குப் பெரிசாக்கி, அட்டையில் ஒட்டி வீட்டுக்குக் கொடுத்தாங்க. சாப்பாட்டு மேஜையில் அந்த அட்டை அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். காசிமேட்டு அக்கா அதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க, பேட்டன்ட் வாங்கத் தெரியலை. (கைதட்டல்)

எங்க வீட்டில் அட்டைக்குப் பதிலா ஒரு கேசட். போறதுக்கு முன்னாடி டேப் ரெக்கார்டரில் இவர் பேசிப் பதிவு பண்ணி வெச்சார். “கண்ணா, அப்பா பேசறேன், சாப்பிட்டியா, அக்காவை அடிக்காதே”ன்னு ஒரு பக்கம் முழுக்க. தினமும் ராத்திரி அதைப் போட்டாத்தான் சின்னவன் தூங்குவான். 1999 பிப்ரவரியில் லீவில் வந்தார். ரெண்டு வயசு ஆகப்போற பிள்ளை, வாசலில் நிற்கிறவரைப் பார்த்து ‘மாமா’ங்கிறான். எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. “கண்ணா, அப்பாடா!”ன்னேன். அவன் தலையாட்டிட்டு, அலமாரியில் இருந்த டேப் ரெக்கார்டரைக் கை காட்டினான். “அப்பா அங்க.” (சிரிப்பு) இப்ப நீங்க சிரிக்கிறீங்க, நானும் சிரிக்கிறேன். அன்னிக்கு அந்த மனுஷன் பெட்டியைக்கூடக் கீழே வைக்காம நின்னாரு, அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

இப்போ காலம் மாறிடுச்சு, வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசலாம்னு எதிரணியில் சொல்லுவாங்க. எங்க சொந்தத்தில் ஒரு பொண்ணு, எர்ணாவூரில் இருக்கா, வீட்டுக்காரர் வடகிழக்கில். ஒன்றரை வயசுக் குழந்தை செல்போனைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கம் பார்க்குதாம், அப்பா எந்த வழியா உள்ளே போனார்னு. மெஷின்தான் மாறியிருக்கு, நடுவர் அவர்களே.

பிப்ரவரியில் வந்தவர் ஏப்ரலில் திரும்பிப் போனார். மே மாதம் கார்கில்.

எங்களுக்குத் தெரிஞ்ச முகவரி பேரு, நம்பர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். அதில் ஊர் பேர் இருக்காது. அந்த நம்பருக்குப் போடுற தபால் எல்லாம் முதலில் டெல்லியில் இருக்கிற ராணுவத் தபால் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து எந்த யூனிட் எங்கே இருக்கோ அங்கே போகும். எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. எதிரிக்குத் தெரியுதோ இல்லையோ, பெண்டாட்டிக்குத் தெரியாது. (சிரிப்பு) ஆனா எனக்குத் தெரியும். லீவில் வந்தப்போ சொல்லியிருந்தார், ஸ்ரீநகரிலிருந்து லே போகிற ரோட்டில்தான் வண்டி ஓட்டறேன்னு. அந்த ரோடு திராஸ் வழியாப் போகுது. திராஸுக்கு மேல மலையில் எதிரி உட்கார்ந்துக்கிட்டு ரோட்டைப் பார்த்துக் குண்டு போடறான்னு பேப்பரில் வருது.

எங்க வீட்டுக்குப் போன் கிடையாது. மளிகைக் கடை அண்ணாச்சி கடைதான் எங்களுக்கு பி.பி. நம்பர். மே கடைசியிலிருந்து அந்தப் போன் வரலை. கடிதமும் வரலை. திருச்சிக்காரர் மேஜர் சரவணன் மே 29-ஆம் தேதி பட்டாலிக் பக்கம் வீழ்ந்தார். அவர் உடலை மீட்டுக் கொண்டு வர ஜூலை ஆயிடுச்சு. அந்தச் செய்தி வந்த பேப்பரை எல்லாம் நான் அரிசிப் பானைக்கு அடியில் ஒளிச்சு வெச்சேன். டிவியில் மூவர்ணக்கொடி போர்த்திய பெட்டி வந்தாலே எழுந்து போய் நிறுத்திடுவேன்.

பெரியவளுக்கு அப்போ ஆறு வயசு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசு. இன்லண்ட் கவரைப் பார்த்துட்டு, “அம்மா, 56 ஏ.பி.ஓ. எந்த ஊரு? அங்க சண்டை நடக்குதா?”ன்னு கேட்டாள். நான், “அது டெல்லிம்மா”ன்னு சொல்லிட்டேன். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. பிள்ளையைக் காப்பாத்தறதா நினைப்பு.

அப்புறம் பத்து நாள் அவள் கேட்கவே இல்லை. நானும் நிம்மதியா இருந்தேன். ஒரு நாள் ராத்திரி சின்னவன் ஒரே அழுகை, கேசட் காணோம். வீடெல்லாம் தேடறேன். கடைசியில் பெரியவளோட ஸ்கூல் பைக்குள்ள, கர்ச்சீப்பில் சுத்தி வெச்சிருக்கு. வந்துதே எனக்குக் கோபம், கை ஓங்கிட்டேன். அவள் சொன்னாள், “தம்பி போட்டுப் போட்டு டேப்பைத் தேய்ச்சிடுவான்மா. அப்புறம் அப்பா குரல் நமக்கு இருக்காது.”

ஓங்கின கை அப்படியே நின்னு போச்சு. ஸ்கூலில் கார்கில் நிதிக்குக் காசு வாங்கியிருக்காங்க. யாரோ சொல்லியிருக்காங்க, “உங்கப்பாவும் அங்கதான”ன்னு. ஆறு வயசுக் குழந்தை அதை மனசில் பூட்டி வெச்சுக்கிட்டு, அம்மா அழுவாளேன்னு பத்து நாளா என்கிட்ட மறைச்சிருக்கு. நான் அவகிட்ட மறைக்கிறேன், அவ என்கிட்ட மறைக்கிறா. ரெண்டு பேரும் ஒரே பாயில் படுத்திருக்கோம்.

அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அட்லஸை எடுத்தேன். “இதுதான் திருவொற்றியூர் இருக்கிற இடம். இது டெல்லி. இதுதான் அப்பா இருக்கிற ரோடு. அங்க சண்டை நடக்குது. அப்பா லாரியில் சாமான் கொண்டு போறார். கடிதம் லேட்டா வரும். வந்தா நான் பிரிக்க மாட்டேன், உன்கிட்டதான் கொடுப்பேன்” அப்படின்னேன். அப்பா நிச்சயம் வந்துடுவார்னு மட்டும் நான் சொல்லலை. சொல்ல வாய் வந்தது, சொல்லலை. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் தூங்கிட்டா. பத்து நாளில் அன்னிக்குத்தான் ராத்திரி எழுந்திருக்காம தூங்கினாள்.

எதிரணி நண்பர்களே, எல்லையில் எதிரி எந்தப் பக்கம்னு தெரியும். அந்த ராத்திரி எனக்குத் தெரியலை. நான் செஞ்சது சரியா, பிள்ளை மனசில் பயத்தை இறக்கிட்டேனான்னு கேட்க எனக்கு மேலே ஒரு கமாண்டர் இல்லை. (கைதட்டல்)

ஜூலையில் கடிதம் வந்தது. போஸ்ட்மேன் தெருமுனையிலிருந்தே குரல் கொடுத்துக்கிட்டு வர்றார். சொன்னபடி பெரியவள்தான் பிரிச்சாள், எழுத்துக் கூட்டிப் படிச்சாள். என்ன எழுதியிருக்கார் தெரியுமா? “தண்ணி லாரி ஒழுங்காக வருகிறதா? சின்னவனுக்கு மேல் பல் வந்துவிட்டதா?” சண்டையைப் பற்றி ஒரு வரி இல்லை! அவரும் மறைக்கிறார்! (சிரிப்பு) பல் எல்லாம் எப்பவோ வந்து, பையன் முறுக்கு கடிச்சுக்கிட்டிருக்கான். மகனுக்குப் பல் முளைக்கிறதைக் கடிதத்தில் கேட்டுத் தெரிஞ்சுக்கிற தகப்பனோட கஷ்டம் எனக்குத் தெரியாம இல்லை. அதனாலதான் எதிரணி மேல எனக்குக் கோபமே வர மாட்டேங்குது.

நவம்பரில் லீவில் வந்தார். சரி, கஷ்டம் தீர்ந்ததுன்னு நினைப்பீங்க. இனிமேதான் ஆரம்பம். எங்க மாமியார் ஒரு வார்த்தை சொல்லுவாங்க, ‘எம்டன்’. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்னு ஒரு ஜெர்மன் கப்பல் நம்ம துறைமுகத்துக்கு எதிரே வந்து, எண்ணெய் டாங்கியை எல்லாம் சுட்டு எரிச்சுட்டுப் போச்சு. பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கிட்டு ஓடிச்சு. அதிலிருந்து கறாரான ஆளுக்கு எம்டன்னே பேராயிடுச்சு. எங்க எம்டன் வந்து இறங்கின மறுநாள் காலையில் அஞ்சு மணிக்கு எல்லாரும் எழுந்திருக்கணும், படுக்கையை மடிக்கணும், செருப்பு வரிசையா இருக்கணும்! (சிரிப்பு) பிள்ளைங்க மெதுவா வந்து என் காதில் கேட்குது: “அம்மா, இவரு எப்போ ஊருக்குப் போவாரு?”

அங்கதாங்க சூட்சுமம். வருஷம் பூரா நான் ஒருத்தியே ராஜாங்கம் பண்ணியாச்சு. ரேஷன் கார்டிலிருந்து ராத்திரிக் காய்ச்சல் வரைக்கும் என் தீர்ப்பு. இப்போ அவர் ஒண்ணு சொன்னா எனக்கே சுருக்குன்னுது. ‘இத்தனை நாள் எங்க இருந்தீங்க’ன்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். விட்டுக் கொடுக்கணும், நடுவர் அவர்களே. ஒத்தையில் நிற்கக் கத்துக்கிட்டது பெரிசில்லை. நின்ன இடத்தை லீவு நாளில் கொஞ்சம் விட்டுத் தரக் கத்துக்கிட்டேனே, அதுதான் எனக்குச் சியாச்சின். (கைதட்டல்)

மணி அடிச்சிட்டீங்க. இதோ முடிச்சுடறேன். அந்த லீவில்தான் பெரியவளோட மார்க் கார்டு வந்தது. பழக்க தோஷம், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கார், அவரைத் தாண்டி வந்து என்கிட்ட நீட்டுறாள். “அப்பாகிட்ட வாங்கு”ன்னுட்டு நான் அடுப்படிக்குப் போயிட்டேன். அவர் பேனாவைத் திறந்து எங்கே போடணும்னு தேடறார். பிள்ளை என் பின்னாடியே ஓடி வந்து, புடவையைப் பிடிச்சு இழுத்து ரகசியமாக் கேட்குது: “அம்மா, எல்லாத்திலயும் உன் கையெழுத்துதான இருக்கு. இவரு போட்டா மிஸ் ஒத்துக்குவாங்களா?”